பக்கத்து இருக்கையின் எடை

எங்கள் காரில் இரண்டே இருக்கைகள்தான். வாங்கிய புதிதில் சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், மாமியாரை எங்கே உட்கார வைப்பாய் என்று கேட்டார்கள். என் மாமியார் மட்டும் கேட்கவில்லை. அவருக்குக் காரின் சிவப்பு நிறம் பிடித்துப்போய்விட்டது.

யாரோ ஆசையாக வாங்கி, ஓட்டாமல் ஷெட்டில் போட்டு வைத்திருந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. ஞாயிறு காலையில் நானும் என் வீட்டுக்காரரும் காரமடை வரைக்கும் போய் டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். போகும்போது நான் ஓட்டுவேன். வரும்போதும் நான்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். மிதிக்கிற அந்தக் காலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனையோ ஞாயிறுகள் அதற்காகவே சண்டை போட்டிருக்கிறேன்.

பிறகு அவருக்கு எத்தியோப்பியாவில் ஒரு நூற்பாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. சித்திரையில் ஒப்பந்தம் முடிகிறது, வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைகள் திடீரென்று நீளமாகிவிட்டன.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பந்தயத் தடத்துக் கிறுக்குப் பிடித்தது. செட்டிபாளையம் பக்கம் இருக்கிற தடத்தில் சில ஞாயிறுகளில் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்ட விடுவார்கள். சரவணம்பட்டியில் வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் வளைவில் திரும்பினால் என் கார் வைக்கோல் ஏற்றிய லாரி மாதிரி சாய்ந்தது. சஸ்பென்ஷனை மாற்றாமல் இனி ஒரு சுற்றுகூட ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊரில் கணபதி பக்கம் பாய் ஒருவரின் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அவர் மாட்டியவை உயரத்தைத் திருகி ஏற்றவும் இறக்கவும் முடிகிற ஸ்பிரிங்குகள். கூடவே வந்த ஷாக் அப்சார்பர்களில் ஒரு குமிழ் இருக்கும். ஊருக்குள் ஓட்ட அதை இளக்கிக்கொள்ளலாம், தடத்துக்குப் போகும்போது இறுக்கிக்கொள்ளலாம். எல்லாம் மாட்டி முடித்தபின் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் நான்கு தராசுகளை வைத்தார். வண்டியில் யார் யார் உட்காருவார்களோ அவர்கள் எடையோடுதான் ஒவ்வொரு மூலையையும் சமப்படுத்த வேண்டும். நான் ஏறி உட்கார்ந்தேன்.

"ஏனுங்கக்கா, பக்கத்துல ஆளு உண்டுங்களா?" என்றார்.

வேலைக்காகக் கேட்ட கேள்விதான். காலி இருக்கையைத் தட்டிக் காட்டினேன்.

"உண்டுங்க பாய். சித்திரைல வந்துருவாரு."

எழுபத்து நாலு கிலோ என்று சொன்னேன். பக்கத்துப் பட்டறையிலிருந்து பழுதான மோட்டார் பம்புகளையும் ஒரு கிரைண்டர் கல்லையும் தூக்கி வந்து, சாக்கை விரித்து அந்த இருக்கையில் கணக்காக அடுக்கினார்கள். உருண்டுவிடாமலிருக்க பாய் பெல்ட்டும் போட்டுவிட்டார். போட்டோ எடுத்து எத்தியோப்பியாவுக்கு அனுப்பினேன். தன்னைவிட லட்சணமாக இருப்பதாகவும், முக்கியமாக பிரேக்கை மிதிக்காது என்றும் பதில் வந்தது. சிரித்தேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன்.

இரண்டு பேருக்குச் சமப்படுத்திய வண்டியை ஒருத்தி ஓட்டினால் அது சும்மா இருக்குமா? இடது பக்கம் நகக்கண் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. தடத்தில் ஒரு பக்கத்து வளைவுகளில் ஒழுங்காகத் திரும்பிய வண்டி, மறுபக்கத்து வளைவுகளில் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஓடியது. ஒற்றை ஆளுக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று பாய் ஒவ்வொரு தடவையும் சொன்னார். சித்திரை வரைக்கும் இருக்கட்டும் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். என் வண்டியைவிடச் சின்ன வண்டிக்காரர்கள்கூட என்னை முந்திக்கொண்டு போனார்கள். போகட்டும். அந்தக் கோளாறு எனக்குப் பிடித்திருந்தது. அவர் இல்லாதது எனக்கு மட்டும்தான் தெரிகிறது என்று நினைத்திருந்தேன், வண்டிக்கும் தெரிந்திருந்தது.

சித்திரை வந்தது. ஆலைக்காரர்கள் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா என்று அவர் போனில் கேட்டார். என்னைக் கேட்காமல் ஒப்புக்கொண்டிருந்தால் கத்தியாவது தீர்த்திருப்பேன். நானே சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் மறுபடி எடுத்துப்போட்டு, சத்தம் வரக் கழுவினேன்.

அந்த வாரமே ஒர்க்‌ஷாப்புக்குப் போய், ஒற்றை ஆளுக்கு மாற்றிவிடச் சொன்னேன். பாய் ஏன் என்று கேட்கவில்லை. தராசுகளின் மேல் நின்ற வண்டியில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அவர் மூலைக்கு மூலை குனிந்து திருகினார். பெல்ட் போடாத அந்த இருக்கையைப் பார்க்காமலிருக்க வேறு வழி தெரியாமல், கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு வண்டி ஓடிய ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி திரும்பியது, சொன்ன இடத்தில் நின்றது. வாழ்நாளில் நான் அப்படி ஓட்டியதில்லை. தடத்தை விட்டு வந்து நிறுத்தியபின் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அழுதேன். நல்லவேளை, முகம் யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். வண்டி எப்படி ஓடியது என்று கேட்டார். பிரமாதம் என்றேன். இந்தத் தடவை பம்புகளை ஏற்றாமல் என் ஒருத்திக்கு மாற்றிவிட்டதையும் சொன்னேன்.

"அப்ப நான் வந்து உக்காந்தா, கண்ணு?"

"இடது பக்கம் சாயுமுங்க."

சொன்ன எனக்கே பொறுக்கவில்லை.

"சாஞ்சாச் சாயட்டும். நீங்க வாங்க."