சோடை போகாத கொசு

உலகத்தில் கொசு வளர்த்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் எல்லாம் இலவசமாகத்தான் வளர்க்கிறோம். கொசுக்கார அக்கா முதல் வகை. ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்று கதவுகளைத் தாண்டி, எந்நேரமும் புழுங்கும் ஓர் அறையில் பதினெட்டு வருடமாக அவள் ஆட்சி. தட்டில் நெளியும் புழுக்களுக்கு மீன் தீனியைப் பொடித்துத் தூவுவாள். இறக்கை முளைத்ததும் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர். பெண் கொசுக்களுக்கு மட்டும் மலேரியாக் கிருமி கலந்த ரத்தத்தை வெதுவெதுப்பாக விருந்து வைப்பாள். இரண்டு வாரத்தில் கிருமி எச்சில் சுரப்பிக்கு ஏறிவிடும். மகள் பட்டம் வாங்கிய தாயைப் போல அன்றைக்கு ஒரு பெருமூச்சு விடுவாள்.

எல்லாம் மருந்தைச் சோதிக்கத்தான். கொசு கடித்ததும் கிருமி கல்லீரலுக்கு ஓடி ஒளிந்துகொள்ளும். ஒரு வாரம் பூனை போல இருந்து பெருகிவிட்டு, அப்புறம்தான் ரத்தத்தில் இறங்கிக் காய்ச்சலைக் கிளப்பும். அதற்கு முன்பே, போகிற வழியில் மடக்க வேண்டும். தடுப்பூசி என்பது உடம்புக்குச் சமையல் கற்றுக்கொடுப்பது, நாளாகும். இப்போது சோதிக்கிற எதிர்ப்பொருளோ, சமைத்ததையே ஊசியில் கொண்டுவந்து இறக்குவது.

பத்துப் பேர் தாமாகவே முன்வந்திருந்தார்கள். ஆறு பேருக்கு மருந்து, நாலு பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது. பிறகு பத்துப் பேரையும் அக்காவின் கொசுக்கள் கடிக்கும். ரத்தத்தில் கிருமி தெரிந்த உடனே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்திவிடுவார்கள். ஆனால் உப்புத்தண்ணீர் நாலு பேரும் தவறாமல் காய்ச்சலில் படுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மருந்து கெட்டியா, கொசு மட்டமா என்று யார் சொல்வது?

போன தடவை அந்த நாலில் ஒருவர் படுக்கவே இல்லை. "கொசு சோடை போயிடுச்சும்மா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வெளியிலேருந்து கொசு வரவழைச்சுக்கலாம். இந்த ரூமுல பழைய நாற்காலி போட்டுக்கலாம்" என்றார் டாக்டர். அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

இந்தத் தடவை பத்துப் பேரில் ஒருவன் அவளுடைய கொழுந்தன். டிரைவிங் ஸ்கூலில் வண்டி கற்றுக்கொடுப்பவன். கொசுவுக்குப் பயப்படும் கட்டத்தை எப்போதோ தாண்டியவன். பயம் முழுவதும் மாமியாருக்குத்தான்.

"ஏம்மா, என் பிள்ளைக்கு மட்டும் சோப்ளாங்கி கொசுவா நாலு பாத்து விடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"கடிச்சு முடிச்சதும் ஒவ்வொரு கொசுவையும் அறுத்து, எச்சில்ல கிருமி இருக்கான்னு பாப்பாங்க அத்தை. இல்லேன்னா வேற கொசு விட்டு இன்னொரு தடவை கடிக்க வைப்பாங்க. உங்க பிள்ளைக்குத்தான் ரெட்டைக் கடி."

மாமியார் அதற்குமேல் சிபாரிசு செய்யவில்லை.

கொழுந்தன் கையை வலை கட்டிய கோப்பைமேல் வைத்தான். உள்ளே ஐந்து கொசுக்கள். ஐந்தும் வஞ்சனையில்லாமல் குடித்தன. அறுத்துப் பார்த்ததில் ஐந்திலும் கிருமி. அக்கா தலைநிமிர்ந்து வீடு வந்தாள்.

எட்டாம் நாளிலிருந்து தினம் ரத்தப் பரிசோதனை. பதினோராம் நாளுக்குள் மூன்று பேர் படுத்தாயிற்று. நாலாவது ஆளைக் காணோம். பன்னிரண்டு, பதின்மூன்று... அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மருமகள் என் பிள்ளைக்காக இப்படி உருகுகிறாளே என்று மாமியாருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

பதினாலாம் நாள் காலை போன் வந்தது. கொழுந்தன்தான்.

"அண்ணி, என் ரத்தத்துல வந்துடுச்சாம். லேசா குளிருது. மாத்திரை குடுத்துட்டாங்க."

"அப்பாடா! நல்ல சேதி சொன்னே, நல்லா இருப்பே!" என்று கத்திவிட்டாள் அக்கா.

பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாரின் கத்தி நின்றது. அதன்பின் ஒரு வாரம் அந்த வீட்டில் இருவருக்கும் பேச்சுவார்த்தை சுவர் வழியாகத்தான் நடந்தது.

யாருக்கு எது என்று குறித்த ஏட்டைப் பிரித்தபோது, படுத்த நாலு பேரும் உப்புத்தண்ணீர்க் கோஷ்டி. மருந்து வாங்கிய ஆறு பேரும் கல்லுப்போல இருந்தார்கள். டாக்டர் கொசு அறைக்கே வந்து கைகொடுத்தார். நாற்காலிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன.

குணமாகி வந்த கொழுந்தன் காலை நீட்டிக்கொண்டு, "மருந்து ஜெயிச்சதே என் காய்ச்சலாலதான்" என்றான்.

 சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாள் வந்து காய்ச்சலைப் பற்றி விசாரித்தபோது மாமியார் சொன்னார்.

"பின்னே வராம இருக்குமா? எங்க வீட்டு மருமக வளர்த்த கொசு. கடிச்சா தப்பாது!"