நான் எழுதிய மூன்றாவது விதி

சில வருடங்களுக்கு முன், மான்ட்ரியல் டவுன்டவுனில் நான் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தில் விமானத் துறைக்கென்று ஒரு புதிய பிஎச்.டி. படிப்பை உருவாக்கிக்கொண்டிருந்தோம். விமானம் தயாரிப்பதைப் பற்றி அல்ல. அதை ஓட்டுகிற, வழிநடத்துகிற மனிதர்களைப் பற்றிய படிப்பு. சேர்க்கை விதிகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நானோ சென்னையில் படித்த இன்ஜினீயர். சும்மா இருப்பேனா? எங்கள் இன்ஜினீயரிங் துறை விதிகளை அப்படியே எடுத்துப் போட்டேன். மூன்றாவது விதி, முதுகலையில் ஆய்வேடு எழுதியவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றது. தரம் என்றால் தரம்தான் என்று எனக்கு ஒரே பெருமை.

விமானத் துறையில் வேலை செய்பவர்களுக்கு வரைவை அனுப்பிவிட்டு, அவர்களிடம் கருத்துக் கேட்க ஒரு கூட்டம் வைத்தோம். முடிந்ததும் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். மான்ட்ரியலின் லாசால் பகுதியிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் பக்கத்தில் வந்து தமிழில் பேசினார். விமான நிறுவனம் ஒன்றில் இருபது வருடமாக டிஸ்பாட்சர். தரையில் இருந்தபடி ஒவ்வொரு விமானத்துக்கும் பாதையும் எரிபொருளும் திட்டமிடுகிற வேலை.

"சேர், இந்த மூண்டாவது விதியை ஆர் எழுதினது?"

"கமிட்டிதாங்க" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

"அப்ப என்னாலை விண்ணப்பிக்கேலாது, என்ன? வேலை செய்துகொண்டு மாஸ்டர்ஸ் படிச்சனான். அதிலை ஆய்வேடு இல்லை."

குரலில் கோபமே இல்லை. தான் ஆராய நினைத்ததை மட்டும் சொன்னார். விமானி தப்பு செய்கிறார் என்று தரையில் இருப்பவருக்குத் தெரிகிறது. விமானியின் முகம் வாடாமல் அதை எப்படிச் சொல்வது? எப்படிக் கேட்டால் அவர் தானாகவே முடிவை மாற்றிக்கொள்கிறார்? இதற்காகவே பல வருடமாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறாராம்.

"நான் படிக்காட்டிலும் பரவாயில்லை சேர். ஆனா ஆராவது இதை ஆராயத்தானே வேணும்."

மெட்ரோவில் திரும்பும்போது அந்த விதியை மறுபடி படித்தேன். அதன் வழியாக நுழையக்கூடியவர்கள் எல்லாம் என்னைப் போன்றவர்கள்; விமான இயக்க அறையில் ஒரு நாள்கூட நின்றிராதவர்கள். யாருக்காகப் படிப்பைத் தொடங்கினோமோ அவர்களையே வாசலில் நிறுத்திவிட்டேனே! வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் கமிட்டியில் தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். ஆய்வேடு இல்லாதவர்களுக்கு நீண்ட பணி அனுபவமும் ஒரு ஆய்வுக் கட்டுரையும் போதும் என்று விதி மாறியது. முதல் வருடமே அவர் சேர்ந்தார். வகுப்பு தொடங்கிய அன்று, விதியை எழுதியது நான்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "தெரியும் சேர். கடைசிப் பக்கத்திலை உங்கடை பேர் கிடந்தது. அதுதானே தமிழிலை வந்து கதைச்சனான்."

அடடா! தன் ஆய்வை முதலில் என்னிடம்தான் நடத்திப் பார்த்திருக்கிறார். இன்றைக்கும் யாருடைய தவறையாவது சுட்டிக்காட்ட வாயைத் திறக்கும்போது, என் தவறு என்று தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல், நானே திருத்திக்கொள்ள அந்தப் பெண் எனக்குத் தந்த அந்த ஒரு நாள் அவகாசம் நினைவுக்கு வந்து, குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறேன்.