ஒன்பதாம் பாட்டில்

மூடிக் கிடக்கும் சுரங்கத்தின் கழிவு மேட்டுக்குக் கீழே பதினோரு இடங்களில் தண்ணீர் கசிகிறது. திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்தில் கொண்டுபோய் வைப்பது அவள் வேலை. எட்டு வருடமாகச் செய்கிறாள். அதனால் தெருவில் அவளுக்குப் பெயரே பாட்டிலக்கா என்றாகிவிட்டது. குடிக்கிற பெண்ணோ என்று புதிதாகக் குடிவந்தவர்கள் முழிப்பார்கள். அவளும் திருத்தமாட்டாள், முழிக்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

அந்தத் தண்ணீர் செங்காவி நிறம். புளிப்போ சொல்லி மாளாது. இரும்பு வாளியை அதில் மறந்து வைத்தால், பிறகு அடியைத் தேடத்தான் வேண்டும். வேறு யாராயிருந்தாலும் பிடித்தோமா, வந்தோமா என்று இருப்பார்கள். இவளுக்கு அது ஆகுமா? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆய்வகத்து மேடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லு பாட்டுக்குச் சும்மா கிடக்கு. தண்ணி எப்படி மேடம் புளிக்குது?"

"கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு. கல்லுல இருக்கிற இரும்பையும் கந்தகத்தையும் தின்னுதான் பொழைக்குது. அது தின்னத் தின்னத் தண்ணி புளிக்கும்."

இரும்பைத் தின்கிற ஜென்மமும் உலகத்தில் உண்டா! ஒரு வாரம் அவளுக்கு வேறு பேச்சே இல்லை. "சோத்துல ஒரு சின்னக் கல்லு கிடந்தா என்ன கத்து கத்துறீங்க, அதுங்களைப் பாருங்க" என்று புருஷனைப் பிடுங்கி எடுத்தாள்.

பதினொன்றில் ஒன்பதாம் இடம்தான் பொல்லாதது. குறுகிய ஓடை, அதில் முழங்கால் வரை சேறு, வழுக்கல். போன மழையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். புருஷனுக்கு மரவாடியில் மரத்தின் பட்டை உரிக்கிற வேலை. அங்கே உரித்த பட்டை மலைபோல் குவிந்து கிடக்கும், கேட்பாரில்லை. கைக்கட்டுப் பிரித்த வாரத்திலிருந்து திங்கட்கிழமைக்கு ஒரு மூட்டை பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஓடையில் பரப்பி, அதன்மேல் நின்று பாட்டில் பிடித்தாள். தண்ணீர் எடுக்கிற இடத்தில் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது என்று விதி உண்டு. அவளுக்கும் தெரியும். ஆனால் கை உடைந்தது விதிக்கு இல்லையே!

மூன்று மாதம் போனது. ஒரு நாள் மேடம் கூப்பிட்டு விட்டார்.

"ஒன்பதாம் பாட்டில்ல மூணு வாரமா புளிப்பு குறைஞ்சுகிட்டே வருது. எட்டும் பத்தும் அப்படியே இருக்கு. உண்மையைச் சொல்லுங்க. இறங்கிப் போகச் சோம்பல்பட்டுக் குழாய்த் தண்ணியக் கலந்தீங்களா?"

"நானா? நான் எதுக்கு மேடம் கலக்கணும்?"

"அடுத்த மாசம் முதல் திங்கள் நானே கூட வர்றேன். பொய்னு தெரிஞ்சா அன்னியோட உங்க வேலை முடிஞ்சுது."

வீட்டுக்கு வந்து அழுதாள். "எட்டு வருஷம்! மழையா வெயிலா, ஒரு பாட்டில் ஏமாத்தியிருப்பேனா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். கோபம் பாதி அடங்கியதும்தான் அவளுடைய பழைய வியாதி தலைதூக்கியது. அது சரி, ஏன் குறைந்தது? எட்டில் இல்லாதது, பத்தில் இல்லாதது, ஒன்பதில் மட்டும் என்ன இருக்கிறது?

பட்டை!

நாத்தனாருக்குத் தோல் பதனிடும் ஆலையில் வேலை. அவளிடம் சொன்னால் அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"இதுல என்ன அதிசயம் அண்ணி? பச்சைத் தோலைப் பட்டைத் தண்ணியில ஊறப்போட்டா அழுகாது. துவர்ப்பு ஏறின இடத்துல கிருமி தலையெடுக்காது."

"அது தோலை அழுக வைக்கிற கிருமி. இது இரும்பு தின்கிற கிருமியாச்சே?"

"துவர்ப்பு எல்லா நாக்குக்கும் துவர்ப்புதான் அண்ணி."

கேட்டால் போதுமா, பார்க்க வேண்டாமா? இரண்டு பிளாஸ்டிக் கேன் எடுத்தாள். இரண்டிலும் அதே மேட்டு மண், அதே கசிவுத் தண்ணீர். ஒன்றில் மட்டும் இரண்டு கைப்பிடி பட்டை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் வைத்து, புளிப்புப் பார்க்க ஆய்வகத்தில் கொடுத்திருந்த காகிதப் பட்டியைத் தினமும் காலையில் நனைத்துப் பார்த்தாள்; புளிப்பு இருந்தால் சிவக்கும், குறையக் குறைய மஞ்சளாகும்.

"பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே அதுங்க முகத்துல முழிக்கிற. என் முகத்தை எப்பப் பாப்ப?" என்றான் புருஷன்.

"நீங்களும் நிறம் மாறினா பாக்குறேன்."

முதல் பத்து நாள் இரண்டு காகிதமும் ஒரே சிவப்பு. அவளுக்கு நம்பிக்கையே போய்விட்டது. பதினெட்டாம் நாள், வெறும் மண் கேனில் காகிதம் சிவப்பு. பட்டை போட்ட கேனில் மஞ்சள்! அவள் போட்ட கூச்சலில் புருஷன் முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஓடிவந்தான்.

சந்தோஷம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பட்டையால்தான் என்று சொன்னால், பட்டை போட்டது நான்தான் என்று சொல்ல வேண்டுமே? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

"ஞாயித்துக்கிழமை போய் மொத்தத்தையும் அள்ளிட்டு வந்துடலாம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் அவன்.

"அள்ளிட்டா திரும்பப் புளிக்கும். இத்தனை நாள் நான் குழாய்த் தண்ணி ஊத்தினதாத்தான் ஆகும்."

"விட்டு வெச்சா விதியை மீறினவ ஆயிடுவ. வேலை போகும்."

"போனாப் போகட்டும். ஏமாத்துக்காரின்னு பேரோட போகக் கூடாது."

திங்கட்கிழமை மேடம் நீளக் காலணி மாட்டிக்கொண்டு வந்தார். ஒன்பதாம் இடத்தில் குனிந்து பார்த்தார்.

"இது யார் வேலை?"

"என் வேலைதான் மேடம்." எல்லாவற்றையும் சொன்னாள், உடைந்த கையிலிருந்து கேன் வரைக்கும்.

மேடம் முகம் கடுகடுத்தது. "இந்த இடத்தோட எட்டு வருஷக் கணக்கையும் இனிமே எதோடயும் ஒப்பிட முடியாது. தெரியுமா? இதுக்குத்தானே ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீங்கன்னு சொன்னது?"

அது அவளுக்கு உறைக்கவே இல்லை, இந்த நிமிடம்வரை. அந்த எட்டு வருடமும் அவள் சுமந்த பாட்டில்கள்தானே? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அது தோணாமப் போச்சு மேடம். தப்புதான். ஆனா நான் கலக்கல."

மேடம் தானே காகிதத்தை நனைத்தார். பார்த்தார். இன்னொன்றை நனைத்தார். பிறகு அவள் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்த கேன்களைத் திறந்து இரண்டிலும் நனைத்தார். அப்புறம் பட்டைமேல் நன்றாகக் காலை ஊன்றி நின்றுகொண்டு கேட்க ஆரம்பித்தார். என்ன மரம்? எப்போதிலிருந்து? பச்சைப் பட்டையா, காய்ந்ததா? எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

"ரெண்டு கேனை வெச்சு முடிவு கட்ட முடியாது. கிருமி உண்மையிலேயே குறைஞ்சிருக்கான்னு ஆய்வகத்துல பாக்கணும். விதியை மீறினதுக்கு எச்சரிக்கைக் கடிதம் கட்டாயம் வரும், சொல்லிட்டேன்."

"வரட்டும் மேடம். வேற மரத்துப் பட்டை போட்டா என்ன ஆகும்?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதிவுத்தாளை அவளிடம் நீட்டினார். அதில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அதில் கை வைக்கக் கூடாது, அது அதிகாரிகள் எழுதுகிற இடம் என்று முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"நீங்களே எழுதுங்க. பாத்தது நீங்கதானே?"

பேனாவை வாங்கிக்கொண்டாள். நிறுத்தி நிறுத்தி எழுதினாள்: ஒன்பதாம் இடம். மரப்பட்டை, பதினாறு மூட்டை. போட்டது நான். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை.