துரைக்குக் கிடைக்காத பொன்

ஏழு வயதில் எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். என் அக்காள்.

அந்த வருஷம் கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்த மாமா, என் அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டில் வந்து தங்கினார். கஞ்சமலை அடிவாரத்து ஓடைகளில் பொன் கிடைக்குமா என்று மண்ணை அலசிப் பார்த்துச் சொல்ல ஒரு துரை அவரை அனுப்பியிருந்தார். இரண்டு காதிலும் சிவப்புக்கல் பதித்த பொன் கடுக்கன் மின்ன அவர் வண்டியிலிருந்து இறங்கியதுமே, இவர் எனக்குத்தான் சொந்தம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அவரோ அக்காளைத்தான் ஓடைக்குக் கூப்பிட்டார். அக்காளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை, தாலி கட்டுமுன்பே அம்மை கண்டு இறந்துபோயிருந்தான். அதற்குப் பிறகு விதைப்பு, சீர் என்று எதற்கும் அவளை யாரும் அழைப்பதில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எனக்கு அதுவும் பொறாமையாகத்தான் இருந்தது. காட்டு வேலைக்குப் போகாமல் நிழலிலேயே உட்கார்ந்திருக்கிறாளே!

வெயிலுக்கென்று காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு, மாமா மணலை மரத்தட்டில் அள்ளித் தண்ணீரில் ஆட்டி ஆட்டி அலசுவார். லேசான மண்ணெல்லாம் வெளியே போய், அடியில் கருமணல் தங்கும். கடைசி அலசலுக்கு முன் தட்டை ஒருதரம் உள்ளங்கையால் தடவிவிட்டு அக்காளிடம் நீட்டுவார். அவள் ஆட்டினால் கருமணலுக்கு நடுவே ஊசிமுனையளவு பொன் மினுங்கும். துணி துவைக்க வந்த பெண்கள் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

நான் அழுது புரண்டு தட்டைப் பிடுங்கி ஆட்டினேன். வெறும் கருமணல்.

"ஏனுங்க மாமா, எனக்கு மட்டும் ஏனுங்க வரல?"

"உனக்கு எதுக்கு சாமி?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அன்று நான் சோறு தின்னவில்லை.

சீக்கிரமே, அக்காளைக் கண்டால் முகம் திருப்பிய பக்கத்துக் காட்டுக்காரம்மா எங்கள் வாசலுக்கு வந்தாள். "உங்க பெரிய புள்ளைய அனுப்புங்க. எங்க காட்டுல மொத வெதையக் கைராசிக்காரி போடோணும்" என்றாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மாமா அவளுக்காகப் பொன்னை ஒளித்து வைத்திருக்கிறார் என்று அவருடைய தகரப் பெட்டியைக் குடைந்தேன். ஒரு சின்ன அரமும், துணியில் முடிந்த சிவப்புக் கற்களும்தான் இருந்தன. ஏமாந்துபோய் மூடிவிட்டேன்.

துரைக்கு அனுப்பிய மண் மூட்டைகள் ஒன்றிலும் பொன் இல்லையாம். வேலையை நிறுத்திவிட்டார்கள். துரைக்கே கிடைக்காதது இந்தப் பெண் கைக்கு வந்ததே என்று ஊர் இன்னும் அதிகமாகப் பேசியது. பேச்சு ஆத்தூர் வரைக்கும் போய், அங்கிருந்து பெண் கேட்டு வந்தார்கள்.

கல்யாணத்தன்று மாமா தலைத்துண்டை அவிழ்த்திருந்தார். இரண்டு காதும் மூளியாக இருந்தன.

"கடுக்கன் எங்கீங்க மாமா?"

"ஓடையில உழுந்துருச்சு சாமி" என்றார், மணவறையில் இருந்த அக்காளைப் பார்த்தபடியே.

எனக்கு வயிறு எரிந்தது. ஓடையில் விழுந்திருந்தால், அதுவும் அவள் கைக்குத்தானே கிடைக்கப் போகிறது!