ஒரே ஒரு வருடம்

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் சில மாதம் வேலை செய்தேன். கூண்டிலிருந்து கோழியை நான் பிடித்துத் தருவேன், அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தடுப்பூசி போடுவாள். மெலிந்த உடம்பு, கையெல்லாம் கோழி கீறிய தழும்பு. நீட் தேர்வில் கொஞ்சம் மார்க் குறைந்ததால், மறுபடி எழுத வீட்டில் கெஞ்சி ஒரு வருடம் வாங்கியிருந்தாள். பகலில் ஊசி, மாலையில் படிப்பு.

ஒவ்வொரு கோழியிடமும் "வலிக்காது சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவாள்.

"கறிக்கடைக்குப் போறதுகிட்ட என்ன புள்ள பேச்சு?" என்றேன்.

"பழகிக்கறேனுங்ண்ணா. நாளைக்கு மனுசங்ககிட்டச் சொல்லோணுமில்லீங்க?"

ரிசல்ட் வந்த மறுநாளும் வேலைக்கு வந்தாள். மார்க் நன்றாகக் கூடியிருந்தது.

"அப்ப டாக்டரம்மாதான்!"

"இல்லீங்ண்ணா. இந்த வருசம் எல்லாத்துக்குமே மார்க்கு கூடிப்போச்சு. இதே மார்க்கைப் போன வருசம் எடுத்திருந்தா சீட்டு கெடைச்சிருக்குமுங்க."

"இன்னொரு வருசம் கேட்டுப் பாரு."

"ஒண்ணுதான்னு சொல்லித்தானுங்க அப்பா குடுத்தாரு."

சொல்லிவிட்டு ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

நான் ஊர் ஊராய்த் திரிந்து எத்தனையோ வருடங்களைத் தொலைத்தவன். அதில் ஒன்றைக்கூட எடுத்து அவளுக்குத் தர வழியில்லை. அடுத்த கோழியைப் பிடித்துக் கொடுத்தேன்.