கடைசிப் பக்கம்

கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை அலமாரியிலேயே சொருகுகிறார். அடுத்ததை எடுக்கிறார். அதிலும் கடைசிப் பக்கம்தான். இடது கையில் சாவிக்கொத்து குலுங்கிக்கொண்டே இருக்கிறது. பேருந்து ஓட்டுநர் கோட்டின் ஜிப் கழுத்துவரை ஏறியிருக்கிறது. இத்தனை வருடத்தில் எங்கள் நூலக நாற்காலி ஒன்றில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

புத்தகம் அடுக்குவது என் வேலை. நான் தமிழ் பேசுவேன் என்று தெரிந்த அன்றே அவருக்குத் தங்கச்சி ஆகிவிட்டேன். எனக்கு அவர் டிரைவர் அண்ணன். காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவில் வருவார். பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் குடியேறியவர்களைப் பற்றிய நாவல்கள் தவிர வேறெதையும் தொடமாட்டார். கேட்பதும் ஒரே கேள்விதான்.

"கடைசில திரும்பிப் போறானா, இங்கேயே இருந்துடறானா?"

கதையில் வருகிறவன் திரும்பிப் போனால், அன்று வீட்டில் விமான டிக்கெட் விலை பார்ப்பாராம். இருந்துவிட்டால், கூடத்துக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று ஆரம்பிப்பாராம். அண்ணி சொல்லித்தான் தெரியும். "நான் கழுத்த நீட்டுனது ஒருத்தருக்கு. குடும்பம் நடத்துறது கதை எழுதுறவங்க அத்தனை பேரோடயும்" என்றார் அலுப்போடு.

முடிவு பிடித்திருந்தால் மட்டும் நடுவில் கொஞ்சம் புரட்டுவார். அங்கேயும் குறை கண்டுபிடிக்காமல் விடமாட்டார்.

"இதுல வர்றவன் எல்லாம் ஜன்னல்கிட்டயே நின்னு வெளிய பாத்துக்கிட்டு இருக்கானேம்மா. வேலைக்கு எப்பதான் போவான்?"

என்னவோ அந்தக் கதையை எழுதியதே நான் என்பதுபோல் முறைப்பார். வண்டியில் ஏறுகிறவர்கள் எந்த ஊர் என்று இவரைக் கேட்டால், டிப்போ என்று பதில் சொல்வாராம். சிரிக்கவைக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

போன மாதம் விஷயம் முற்றிவிட்டது. வாடகைக்கு இருக்கும் வீட்டை வீட்டுக்காரர் விற்கப்போகிறார். நீங்களே வாங்கிக்கொள்கிறீர்களா என்று முதலில் இவர்களைத்தான் கேட்டிருக்கிறார். மாத முடிவுக்குள் பதில் வேண்டும். மகள் பிறந்து வளர்ந்த வீடு என்பதால் அண்ணி ஒற்றைக்காலில் நிற்கிறார். பணத்துக்கு வங்கியும் தலையாட்டிவிட்டது. அண்ணன்தான் பிடிகொடுக்கவில்லை. என்னதான் தயக்கம் என்று கேட்டேன்.

"வாங்கிட்டா, அப்புறம் ஊருக்குத் திரும்பிப் போறேன்னு பேச்சுக்குக்கூடச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

மதில்மேல் பூனைக்காவது தூக்கம் உண்டு. இவர் வேலை இல்லாத நாட்களிலும் அந்தக் கோட்டோடு வந்து அலமாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. நூலகம் திறந்ததும் வந்து நின்றார். அவர் இதுவரை பார்க்காத பழைய நாவல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வழக்கம்போல் பின்பக்கமாகத் திறந்தவர் அப்படியே நின்றார். கடைசித் தாளை யாரோ கிழித்து எடுத்திருந்தார்கள். வேறு கிளையில் ஒரு பிரதி இருக்கிறது, வர ஒரு வாரம் ஆகும் என்றேன்.

கிழிந்த ஓரத்தை விரலால் தடவினார். "என்னை மாதிரி ஒருத்தன்தான். பதில எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தோடு வாசல்வரை போனார், திரும்பினார், மறுபடியும் போனார். கைபேசி அடித்தது. அண்ணிதான். பதிலைச் சாயங்காலம் நேரில் சொல்வதாக அண்ணன் சொல்லி வைத்துவிட்டார். வேறு புத்தகம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

பிறகு சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டினார். உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்தார்.