நாலாம் கட்டில்காரர் பார்த்த பந்தயம்

பஸ் ஓட்டுவதை விட்டு நாலு வருஷம் ஆகியும் அவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். நாற்பத்தேழு வயதில் இரண்டு சிறுநீரகமும் சொல்லிவைத்தாற்போல் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய், நாலு மணி நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும் என்று ஆயிற்று. டிப்போ மேலாளர் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. தொலைந்த பொருள் அறையில் ஒரு நாற்காலியும் மேசையும் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த மேலாளரைப் பற்றி யார் குறை சொன்னாலும் டிரைவர் எழுந்து போய்விடுவார்.

அறை முழுக்கக் குடைகள். இரும்பு அலமாரியில் மூக்குக் கண்ணாடிகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஜோடி இல்லாத கையுறைகள். ஒருமுறை ஒரு பல்செட் வந்தது. அதன் சொந்தக்காரர் மூன்றாம் நாள் வந்து, வாயைத் திறக்காமல் சைகையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சைக்கிள் பந்தயம் அவர் வாழ்க்கைக்குள் வந்தது மருத்துவமனையில்தான். அந்த வார்டில் எட்டுக் கட்டில்கள். டிரைவருடையது நாலாவது. எதிர்ச் சுவரில் ஒரு பழைய டிவி. அதன் ரிமோட் எப்போதோ காணாமல் போயிருந்தது, பொத்தான்களும் வேலை செய்வதில்லை. கடைசியாக யாரோ வைத்துவிட்டுப் போன விளையாட்டுச் சேனலிலேயே அது நின்றுவிட்டது. முதல் மாதம் டிரைவருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. கையில் இரண்டு ஊசி, அசையக் கூடாது, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை கண்ணைத் திருப்பினால் திரையில் நூற்றைம்பது பேர் சைக்கிளில் ஒரு மலையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். பதினொன்றே காலுக்கு ஆரம்பித்தது, இவருக்கு ஊசியை எடுக்கும்போதுதான் முடிந்தது. அத்தனை தூரத்தை அவர்கள் மிதித்துக் கடந்ததுபோல் தன்னுடைய நாலு மணி நேரமும் கடந்துவிட்டதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டது. முன்னால் போகிறவன் காற்றை உடைக்கிறான், பின்னால் வருகிறவன் அந்த நிழலில் இளைப்பாறுகிறான் என்பதெல்லாம், பெரிய லாரிக்குப் பின்னால் பஸ் ஓட்டியவருக்குச் சட்டென்று புரிந்தது. ஜெயிக்கிறவர்களைவிடத் தண்ணீர் சுமக்கிறவர்கள்மேல்தான் அவருக்குப் பிரியம். ஒவ்வொரு அணியிலும் அப்படிச் சிலர் உண்டு. பின்னால் வரும் அணிக் காருக்குப் போய், ஏழெட்டுத் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, மறுபடி முன்னால் மிதித்துப் போய்த் தங்கள் ஆட்களுக்குக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்குமேல் தண்ணீர் குடிக்கக் கூடாத மனிதர் அதை வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்.

இப்படித் தனியாக ரசித்துக்கொண்டிருந்தவருக்குக் கூட்டு கிடைத்தது தொலைந்த பொருள் அறையில். பஸ்ஸில் ஹெல்மெட்டை விட்டுவிட்ட வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் தேடி வந்தார். ஹெல்மெட்டில் ஒரு சைக்கிள் அணியின் படம் ஒட்டியிருந்தது. போன வாரம் உங்கள் ஆள் கடைசி மேட்டில் ஏன் அப்படித் தளர்ந்துபோனான் என்று டிரைவர் கேட்டார். வாங்கிக்கொண்டு போக வந்தவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். போகும்போது தங்கள் கைபேசிக் குழுவில் டிரைவரைச் சேர்த்தார். மருந்துக் கடைக்காரர், வங்கியில் வேலை பார்க்கும் அக்கா தங்கை இருவர் என்று பதினோரு பேர் அதில் இருந்தார்கள். டிரைவரின் மனைவி பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவர். இவருடைய கைபேசி ஓயாமல் கிணுகிணுப்பதைப் பார்த்து, சைக்கிளே ஓட்டத் தெரியாத மனுஷனுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள் என்று கேலி செய்வார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து நாளாகிவிட்டதால் அந்தக் கேலியில் சந்தோஷமும் கலந்திருந்தது.

அந்த வருஷம் ஒரு பெரிய பந்தயத்தின் பாதை மாறி, ஐந்தாம் நாள் ஓட்டம் அவர்கள் ஊர் வழியாகப் போகிறது என்று செய்தி வந்தது. குழு இரவு பகலாகத் தூங்கவில்லை. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மருத்துவமனையைத் தாண்டி நீர்த்தொட்டிக்கு ஏறுகிற மேட்டுச் சாலை அதில் இருந்தது. டிரைவர் பத்தொன்பது வருஷம் இரண்டாவது கியரில் ஏறிய மேடு. வீரர்கள் அங்கே ஒரு மணி வாக்கில் வருவார்கள்.

நாள், சனிக்கிழமை. டிரைவருடைய நேரம் பதினொன்றிலிருந்து மூன்று.

வார்டு சிஸ்டரிடம் கேட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமை எட்டுக் கட்டிலும் நிறைந்திருந்தது, ஞாயிறு வார்டு மூடியிருக்கும். சனியை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கு வந்தால் என்ன என்று இழுத்தார். வியாழனிலிருந்து செவ்வாய் வரைக்கும் தாங்குவீர்கள் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது, பந்தயம் டிவியிலும் வரும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். சொல்வது நியாயம்தான். டிரைவர் மேலே வற்புறுத்தாமல் திரும்பினார். குழுவில் மட்டும், எனக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எழுதினார்.

அவருடைய நாலாம் கட்டிலில் காலை ஆறிலிருந்து பத்து வரை படுப்பவர் ஒரு கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர். அவர் முடித்துவிட்டு வெளியே தாழ்வாரத்து நாற்காலியில் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இவர் எடை பார்க்க வருவார். நாலு வருஷமாக இந்தப் பத்து நிமிஷப் பழக்கம்தான். டீச்சருக்கு டிவி என்றாலே ஆகாது. தன் நேரத்தில் அதன் பிளக்கைப் பிடுங்கி நிறுத்தச் சொல்லிவிட்டுப் பத்திரிகையில் வரும் கட்டக் கணக்கைப் போடுவார். ஒருமுறை மட்டும் திரையை எட்டிப் பார்த்து, இத்தனை பேரும் ஒருவன் பின்னாலேயே போகிறார்களே, யாருக்குமே வழி தெரியாதா என்று கேட்டிருந்தார்.

பந்தயத்துக்கு முந்தின வியாழக்கிழமை அவர் டிரைவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"சிஸ்டர் சொன்னாங்க. சனிக்கிழமை காலையில நீங்க படுத்துக்குங்க. நான் பதினோரு மணிக்கு வர்றேன்."

 உங்களுக்கு எதற்கு டீச்சர் சிரமம் என்றார் டிரைவர்.

"சிரமம் என்ன. ஆனா சும்மா இல்ல. அந்தப் பந்தயத்துல அப்படி என்னதான் இருக்குன்னு ஒரு நாள் எனக்குப் புரியுற மாதிரி சொல்லணும். முப்பத்தி நாலு வருஷம் நான் அடுத்தவங்களுக்குப் புரிய வச்சிருக்கேன். இப்ப நீங்க வைங்க."

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு டிரைவர் எடை மேடையில் நின்றார். பத்தேகாலுக்கு ஊசியை எடுத்தார்கள். சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். குறைவாக இருந்தது. அரை மணி நேரம் காலை உயர்த்திப் படுக்க வைத்து, மறுபடி பார்த்து, மனைவியிடம் நூறு பத்திரம் சொல்லி அனுப்பினார். பக்கவாட்டு வாசல்தான் பக்கம் என்று அவர்கள் அந்த வழியாகவே வெளியே போனார்கள்.

மருத்துவமனையிலிருந்து மேட்டின் நடுப்பகுதிக்குப் பத்து நிமிஷ நடை. அவர்களுக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. சுத்தம் செய்துகொண்ட அன்றைக்கு உடம்பு பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். மனைவி ஒரு கையில் மடக்கு ஸ்டூலையும் மறு கையில் அவர் முழங்கையையும் பிடித்துக்கொண்டு, பத்தடிக்கு ஒரு தரம் உட்கார வைத்தார். சாலை முழுக்கக் காலி, இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பிகள். இத்தனை வருஷத்தில் இந்தச் சாலையை இவ்வளவு சுத்தமாகப் பார்த்ததில்லை என்று டிரைவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

குழு விடிகாலையிலேயே வந்து இடம் பிடித்திருந்தது. வெல்டிங்காரர் இவரைக் கண்டதும் தடுப்பை ஒட்டி இருந்த தன் இடத்தைக் காலி செய்தார். வங்கி அக்கா தங்கைகள் சாலையில் சுண்ணாம்பால் பெயர்கள் எழுதியிருந்தார்கள். நட்சத்திர வீரர்களின் பெயருக்கு நடுவே தனியாக ஓர் எண் இருந்தது: எண்பத்தேழு. அது டிரைவர் எப்போதும் சொல்லும் தண்ணீர் சுமக்கிறவனுடைய எண். அவர் வரமாட்டார் என்று நினைத்தபோதே அவருக்காக எழுதி வைத்திருந்தார்கள். டிரைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. பின்னால் இருந்தவர்கள் நெருக்க ஆரம்பித்தபோது மனைவி திரும்பி, பல் மருத்துவமனையில் பேசுகிற குரலில், எல்லோரும் ஒரு அடி பின்னால் நில்லுங்கள், நோயாளி உட்கார்ந்திருக்கிறார் என்றார். கூட்டம் டோக்கன் வாங்கியதுபோல் ஒழுங்காக நின்றது.

ஒன்று பத்துக்கு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிறகு தனியாகப் பிரிந்து வந்த மூன்று பேர். பிறகு மொத்தக் கூட்டமும். டிவியில் தெரியாதது அந்தச் சத்தம். வர்ணனையாளர்கள் பேசிக்கொண்டே இருப்பதால் அது கேட்டதே இல்லை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சங்கிலிகள் பல்சக்கரத்தில் ஓடுகிற ஓசை, அதற்கு மேல் மனிதர்கள் மூச்சு வாங்குகிற ஓசை. மேடு என்பதால் அவர்கள் மெதுவாகத்தான் போனார்கள். முகம், கழுத்து நரம்பு, சட்டையில் காய்ந்த உப்பு எல்லாம் தெரிந்தது. குழு கத்தியது.  டிரைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

எல்லோரும் போய் இரண்டு நிமிஷம் கழித்து எண்பத்தேழு வந்தான், தன்னந்தனியாக. அன்றைய வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் பின்தங்கியவன். தலையைக் குனிந்தபடி வந்ததால் சாலையில் எழுதியிருந்த தன் எண் கண்ணில் பட்டது. நிமிர்ந்து பார்த்தான். பதினோரு பேர் அவனைப் பார்த்துக் கை தட்டினார்கள், டிரைவர் நடுவில் நின்றார். அவன் சைக்கிள் சட்டகத்திலிருந்து பாட்டிலை உருவி அவரை நோக்கி வீசினான். அது கம்பியில் பட்டுத் தெறித்து, சாலையோரக் கால்வாயை நோக்கி உருண்டது. டிரைவரின் மனைவி பாய்ந்து போய், வலது காலால் அதை நிறுத்தினார். இந்த வயதிலும் என்ன பாய்ச்சல் என்று வெல்டிங்காரர் பிறகு பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது, இன்னும் ஜில்லென்று. டிரைவர் மனைவியைப் பார்த்தார். தாகத்தில் டிரைவரின் உதடு வெடித்திருந்தது.

"வேணாங்க. உள்ள என்ன கலந்திருக்கோ. உங்களுக்கு ஆகாது."

"குடிக்கத்தானே கூடாது? தலையில ஊத்திக்க அளவு கிடையாதே."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரே மூடியைத் திறந்து, கணவரின் உச்சந்தலையிலும் பிடரியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு அனுபவித்தார். அன்று முழுக்கச் சட்டைக் காலர் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது, அவர் மாற்ற விடவில்லை.

இறக்கத்தில் வருவது சுலபமாக இருந்தது. டீச்சரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு என்று டிரைவர் சொன்னார். முன்வாசல் காவலாளி, நாலாம் கட்டில் டீச்சரா, அந்த அம்மா காலை எட்டரைக்கே வந்து கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்களே என்றார். ஒன்பது மணியிலிருந்து சாலையை அடைக்கிறார்கள், பதினொரு மணிக்கு எந்த வண்டியும் உள்ளே வராது. அதனால்தான் முன்கூட்டியே வந்தாராம்.

டிரைவர் அங்கேயே நின்றுவிட்டார். சாலை அடைப்பது பற்றி அவருக்கு மனப்பாடம். எந்தத் தெரு எத்தனை மணிக்கு என்று குழுவில் எழுதியதே அவர்தான். அந்த அடைப்புக்குள்தான் டீச்சர் வந்தாக வேண்டும் என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை.

சிஸ்டர் ஐந்து நிமிஷம் மட்டும் என்று சொல்லி உள்ளே விட்டார். நாலாம் கட்டிலில் டீச்சர் படுத்திருந்தார். எதிரே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லவில்லை.

"டீச்சர், எட்டரைக்கே வந்து உக்காந்துட்டீங்களாமே. எனக்குத் தோணவே இல்ல. தெரிஞ்சிருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

"அதனாலதான் சொல்லல. வீட்டுல உக்காந்தா என்ன, இங்க உக்காந்தா என்ன. மூணு கட்டக் கணக்கு முடிச்சேன்."

  டிரைவர், டீச்சரின் ஊசி இல்லாத கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டீச்சர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மொத்தம் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டார். நூற்று அறுபத்திரண்டு என்றார் டிரைவர். திரையில் நூற்று அறுபத்து மூன்று என்று போட்டானே என்றார் டீச்சர். இவர் விரல்விட்டு எண்ணி யோசித்து, கடைசியாக வந்தவனைத் தான் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அவன் ஏன் கடைசியாக வந்தான் என்று டீச்சர் கேட்க, பேச்சு அங்கே ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் என்று சொன்ன சிஸ்டர், இருபது நிமிஷம் கழித்து டிரைவர் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து டீச்சரின் பழைய மாணவிகள் சேர்ந்து ஒரு காலை விருந்து வைத்தார்கள், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை. டிரைவர் அவர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. சிஸ்டரிடம் தானே போய் இருவர் நேரத்தையும் மாற்றி எழுதச் சொல்லிவிட்டு வந்தார். அந்தச் செவ்வாய் காலை ஐந்தரைக்கே, வார்டுக் கதவு திறக்கும் முன்பே, தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று சிஸ்டர் கேட்டதற்கு, பஸ் சீக்கிரம் வந்துவிட்டது என்றார்.